பிணம் இலக்கம் இருபத்து மூன்று

மில்டனுக்கு அப்பால், கைவிட்ட கல்குவாரி.
நவம்பர். விடியல் ஐந்தே முக்கால்.
பெயரில்லாத ஒரு வெயில் நாட்டை
இங்கே கட்டியிருக்கிறார்கள்:
அட்டைச் சுவர், பிளாஸ்டிக் ஈச்சமரம்,
இரவு விழுந்த பனியை ஊதிக் கரைக்க
நாலு ஹீட்டர்.

மணிக்குப் பதினேழு டொலர்,
மத்தியானச் சாப்பாடு கம்பெனி செலவு.
வேலை, செத்துக் கிடப்பது.
பட்டியலில் நான் பிணம் இலக்கம் இருபத்து மூன்று.
இருபத்து நாலு ஹோடான்,
எத்தோபிக்கோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
எப்படி விழுவதென்று எங்கள் இருவருக்கும்
ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.
"எவ்வளவு இயல்பு!" என்றான்
உதவி இயக்குநர் பெடியன்.
நாங்கள் இருவரும் நன்றி சொன்னோம்.

கொடியவனுக்கு ஒப்பனை ஒன்றரை மணித்தியாலம்.
புருவத்தைக் குறுக்கறுக்கும் தழும்பு,
ஒரு தங்கப் பல்.
சுடுமுன் சிரிக்கவேண்டும், சிரித்தான்.
ஒரே டேக்கில் முடிந்தது கொடுமை.
பிறகு அவனே வந்து
எனக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டுத்
தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான்.

இரக்கத்துக்குத்தான் பன்னிரண்டு டேக்.
நாயகன் முழந்தாளிட்டு
அநாதைப் பிள்ளைக்குச் சொக்லேட் நீட்டவேண்டும்.
முதலில் வெளிச்சம் போதவில்லை.
பிள்ளை சிரித்துவிட்டது.
உறையிலுள்ள கம்பெனிப் பெயர்
கமெராவுக்குத் தெரியவில்லை.
கண்ணீர் வலது கண்ணில் மட்டும் வரவேண்டுமாம்,
இடது கண் நிழலில் இருக்கிறது.
ஒன்பதாவதில் பிள்ளைக்கு ஓங்காளம்.
இனி அது சாகும்வரை சொக்லேட் தின்னாது.

பதினொன்றாவதில் எல்லாம் கூடிவந்த நேரம்
"கட்!"
இருபத்து மூன்றின் கால் அசைகிறது.

அசைந்ததுதான்.
அன்றைக்கும் அசைந்தது இதே இடது கால்.
கடலேரிக் கரை, சித்திரை வெயில்,
என்மேல் மச்சாளின் பாரம்.
விரலிடுக்கில் எறும்பு.
ஒரு ஆமிக்காரன் பார்த்தான்.
பார்த்தது எனக்குத் தெரியும்,
அவன் சப்பாத்து என் முகத்துக்கு நேரே நின்றது.
ஒரு கயிறு அவிழ்ந்திருந்தது.
தடிமன் போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.
தழும்பில்லை. தங்கப் பல்லில்லை.
மச்சாளைச் சுட்டவன் அவன்தான்.
அப்போதும் அவன் சிரிக்கவில்லை,
மூக்கைத்தான் உறிஞ்சினான்.

குனிந்தான்.
சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்,
இரட்டை முடிச்சு.
தன் பாஷையில் எதையோ கத்தினான்.
எல்லாச் சப்பாத்துகளும் போய்விட்டன.

இதற்குக் கமெராவை எங்கே வைப்பார்கள்?
ஒருவன் சொல்லாமல் விட்டதை
எந்தப் பக்கத்தால் வெளிச்சம் அடித்துக் காட்டுவது?
அவனை நான் மன்னிக்கவில்லை.
அவன் வாய் மூடியிருந்ததால்
எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்,
அவளுக்குக் கணக்கு வராது,
வாசலில் சப்பாத்தை உதறி எறிவாள்,
நான் எடுத்து அடுக்குவேன்.
இதையெல்லாம் ஒரு முகத்தில் நடிக்க
ஆள் தேடினால்
தழும்பை எங்கே ஒட்டுவார்கள்?

"மன்னிக்கவேணும், குளிர்" என்றேன்.
அடுத்த டேக்குக்கு விளக்குத் திருப்பும் இடைவெளியில்
ஹோடான் கண் திறக்காமல்
தன் கைச்சூட்டுப் பொட்டலத்தை
என் குதிக்காலின் கீழே தள்ளினாள்.
பிணங்கள் கதைக்கக்கூடாது. கதைக்கவில்லை.

மறு வருடம் பங்குனியில் படம் வந்தது.
ஸ்காபரோவில் இரவுக் காட்சி, மகளோடு போனேன்.
சொக்லேட் வந்ததும் பக்கத்துச் சீற்றில் விசும்பல்.
மகளும் கண்ணைத் துடைத்தாள்.
அவர்கள் வைத்திருந்தது பன்னிரண்டாவது டேக் அல்ல,
பதினொன்றாவது.
அந்தப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால்,
திரையின் இடது மூலையில்,
ஒரு பெருவிரல் அசைகிறது.

இருநூறு பேர் இருந்திருப்பார்கள்.
ஒருத்தரும் கத்தவில்லை.